கர்ப்பிணியின் உடலில் வளர்ச்சிக் காரணிகள் என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அஞ்சாம் மாசம் வரைக்கும் எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ஆறாம் மாசம் திடீரென்று சர்க்கரை இருக்கிறது என்கிறார்கள். நான் அப்படி என்ன தப்பாகச் சாப்பிட்டுவிட்டேன்?" கர்ப்பிணிகள் கேட்கும் கேள்விகளில் மனதை மிகவும் கஷ்டப்படுத்துவது இதுதான். வீட்டில் ஆளாளுக்குக் குறை சொன்ன பிறகு, அழுதுகொண்டே கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் தப்பாக எதையும் செய்திருக்க மாட்டார்கள். வயிற்றில் குழந்தையோடு வளரும் நஞ்சுக்கொடி (பிளசென்டா) சில புரதங்களைச் சுரந்து, உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் முறையையே மாற்றிவிடுகிறது. அந்தப் புரதங்கள் எவை, என்ன செய்கின்றன, அதனால் நாம் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தப் பக்கத்தில் சொல்லப் போகிறேன்.

வளர்ச்சிக் காரணி என்றால் என்ன? ஹார்மோனும் அதுவும் ஒன்றா?

ஒரு செல்லைப் பார்த்து "வளர்", "பிரி", "பிழைத்திரு" என்று சொல்லும் புரதம் எதுவோ அதுவே வளர்ச்சிக் காரணி. அது செல்லின் மேல்பரப்பில் தனக்கென்று உள்ள ஏற்பியில் போய் ஒட்டும். உடனே செல்லுக்குள் வேலைகள் தொடங்கும். இவற்றில் ஆரம்பத்திலேயே அறியப்பட்ட இரண்டைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹனுக்கும் ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹார்மோன் ரத்தத்தில் கலந்து தூரத்து உறுப்புக்குப் போகும், வளர்ச்சிக் காரணி பக்கத்துச் செல்லோடு பேசும் என்று பாடப்புத்தகங்கள் பிரிப்பது வழக்கம். கர்ப்பத்தில் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. இன்சுலின் ஒரு ஹார்மோன்தான், ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அதுவே பெரிய வளர்ச்சிக் காரணி. அதனால் இந்தப் பக்கத்தில் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

இவை எல்லாம் எங்கிருந்து வருகின்றன?

பெரும்பங்கு நஞ்சுக்கொடியிலிருந்து. பிரசவ நேரத்தில் அரைக் கிலோ எடைதான் இருக்கும், ஆனால் கர்ப்ப காலம் முழுக்கத் தாயின் உடலுக்கு உத்தரவு போடும் சுரப்பி அது. அதோடு தாயின் கல்லீரல், கருப்பையின் உள்சுவர், கொழுப்புத் திசு ஆகியவையும் தங்கள் பங்குக்குச் சுரக்கின்றன.

மசக்கைக்கும் வளர்ச்சிக் காரணிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சமீபத்தில்தான் இது தெளிவானது. ஜி.டி.எஃப்-15 என்று ஒரு புரதம். கர்ப்பத்தின் முதல் மாதங்களிலேயே தாயின் ரத்தத்தில் இதன் அளவு வேகமாக ஏறும். மூளையின் பின்பகுதியில் இதற்கென்று ஓர் ஏற்பி இருக்கிறது. அங்கே போய் ஒட்டியதும் குமட்டல், வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு எல்லாம் வரும்.

மார்லீனா ஃபெஜ்ஸோ, ஸ்டீபன் ஓ'ரஹில்லி ஆகியோரின் குழு 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. தாயின் ரத்தத்தில் இருக்கும் ஜி.டி.எஃப்-15-இல் பெரும்பகுதி குழந்தை, நஞ்சுக்கொடி பக்கத்திலிருந்து வருகிறது என்று அதில் காட்டினார்கள். கர்ப்பத்துக்கு முன்பு இந்தப் புரதம் குறைவாக இருந்த பெண்களுக்கு மசக்கை கடுமையாக இருக்கிறது, ஏனென்றால் அவர்களின் மூளைக்கு இது பழக்கமில்லை. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பெண்களுக்கு எப்போதுமே இது அதிகமாக இருக்கும். அவர்களுக்கு மசக்கைத் தொந்தரவு மிகக் குறைவு.

ஃபெஜ்ஸோவே கர்ப்பகாலத்தில் கடும் வாந்தியால் படுத்த படுக்கையாக இருந்து, 1999-இல் குழந்தையை இழந்தவர். வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடக்கும் பெண்ணிடம் "எல்லாம் மனசுதான் காரணம், ஊர்ல யாரும் பிள்ளை பெறலையா" என்று சொல்லும் வழக்கத்தை இனியாவது விட வேண்டும். ரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய ஒரு புரதம் இதற்குப் பின்னால் இருக்கிறது. தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, எடை இறங்குகிறது என்றால் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

கர்ப்பத்தின் முன்பாதியிலும் பின்பாதியிலும் உடல் வேறு வேறு மாதிரி நடந்துகொள்வது ஏன்?

முன்பாதி சேமிக்கும் காலம். குழந்தை இன்னும் சின்னது, அதற்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான். தாயின் உடல் சாப்பிடுவதைக் கொழுப்பாக மாற்றித் தொடையிலும் இடுப்பிலும் சேர்த்து வைக்கும். இன்சுலினும் இந்தக் கட்டத்தில் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். ஏற்கெனவே டைப்-1 நீரிழிவுக்கு ஊசி போடும் பெண்களுக்கு ஏறக்குறைய 9 முதல் 16 வாரம் வரை இன்சுலின் தேவை சற்றுக் குறைவதும், திடீரென்று சர்க்கரை இறங்கி மயக்கம் வருவதும் இதனால்தான்.

பின்பாதி செலவழிக்கும் காலம். குழந்தை தன் எடையில் மிகப் பெரும்பகுதியை 20-ஆம் வாரத்துக்குப் பிறகுதான் போடுகிறது. அதற்கு இரவும் பகலும் குளுக்கோஸ் வேண்டும். தாய் தூங்கும்போதும் வேண்டும். அதனால் தாயின் தசைகள் குளுக்கோஸ் எடுத்துக்கொள்வதைக் குறைத்துக்கொண்டு, சேர்த்து வைத்த கொழுப்பை எரிக்கத் தொடங்குகின்றன. மிச்சமாகும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. இந்தக் காலத்தில் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு இரண்டு மூன்று மடங்குகூட ஏறும், கொலஸ்ட்ராலும் ஏறும். கர்ப்பிணியின் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் பயந்துபோனால், இது எதிர்பார்க்கும் மாற்றம்தான் என்று சொல்லுங்கள். மிக அதிகமாக ஏறியிருந்தால் மட்டும் மருத்துவர் தனியாகக் கவனிப்பார்.

இந்தத் திருப்பத்தைக் கொண்டுவருவது எது?

முதல் ஆள், நஞ்சுக்கொடி வளர்ச்சி ஹார்மோன். நமக்கு எல்லோருக்கும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் வருகிறது. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அதன் இன்னொரு வடிவத்தைச் சுரக்கிறது. 191 அமினோ அமிலங்களில் 13 மட்டுமே வேறுபடும். ஏறக்குறைய 20-ஆம் வாரத்திலிருந்து இது பிட்யூட்டரியின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, தாயின் சொந்தச் சுரப்பு கிட்டத்தட்ட நின்றுபோகிறது. பிட்யூட்டரி விட்டு விட்டுச் சுரக்கும். நஞ்சுக்கொடி விடாமல் சுரந்துகொண்டே இருக்கும். தாயின் உடலுக்கு ஓய்வே கிடையாது.

தசைச் செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சாதாரண நாளில், இன்சுலின் ஏற்பியில் ஒட்டியதும் உள்ளே இரண்டு துண்டுகள் ஜோடியாக வந்து ஓரிடத்தில் பொருந்தும். ஒன்று பி-85, மற்றது பி-110. ஜோடி பொருந்தியதும் செல்லின் உட்புறம் காத்திருக்கும் குளுக்கோஸ் வாசல்கள் மேலே வந்து திறக்கும், ரத்தத்தில் உள்ள சர்க்கரை செல்லுக்குள் போகும். நஞ்சுக்கொடி வளர்ச்சி ஹார்மோன் ஏறும்போது பி-85 துண்டு மட்டும் தேவைக்கு மேல் பெருகிவிடுகிறது. ஜோடியில்லாத பி-85, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தது போல, அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வேலை செய்ய வேண்டிய ஜோடிக்கு இடமில்லை. வாசல் திறப்பதும் குறைந்துபோகிறது. இன்சுலின் இருந்தும் பலன் குறைவதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். எந்தக் குறையும் இல்லாத ஆரோக்கியமான கர்ப்பத்திலேயே, கடைசி மாதங்களில் இன்சுலினுக்கு உடல் காட்டும் பதில் பாதிக்கும் கீழே போய்விடும்.

நஞ்சுக்கொடி லாக்டோஜன் என்று ஒன்று கேள்விப்பட்டேன். அது வேறா?

வேறுதான், ஆனால் பங்காளி. வளர்ச்சி ஹார்மோன் மரபணுக்கள் 17-ஆம் குரோமோசோமில் ஐந்து வரிசையாக அமர்ந்திருக்கின்றன. பிட்யூட்டரிக்கு ஒன்று, மற்றவை நஞ்சுக்கொடியில் வேலை செய்பவை. லாக்டோஜன் அந்த வரிசையில் வருவது. நிறைமாதத்தில் நஞ்சுக்கொடி ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கு மேல் இதைச் சுரக்கும். வேறெந்தப் புரத ஹார்மோனும் உடலில் இந்த அளவுக்குச் சுரப்பதில்லை.

இது தாயின் கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும். அதே நேரத்தில், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனோடு சேர்ந்து கணையத்தின் பீட்டா செல்களை ஊக்குவித்து இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். ஒரு பக்கம் சர்க்கரை தங்கும்படி செய்து, மறுபக்கம் அதைச் சமாளிக்கக் கணையத்தையும் தயார் செய்கிறது. எனக்கு இது எப்போது படித்தாலும் வியப்பாகவே இருக்கிறது. இந்த மரபணு இல்லாததால் லாக்டோஜன் சுரக்காத கர்ப்பங்களிலும் நல்லபடியாகக் குழந்தை பிறந்திருக்கிறது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று கைகொடுக்கும்படி ஏற்பாடு இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை வர வேண்டுமே?

நல்ல கேள்வி. வராததற்குக் காரணம் கணையம். இன்சுலின் எதிர்ப்பு ஏற ஏற, பீட்டா செல்கள் சுரப்பை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டி ஈடு கொடுக்கின்றன. கர்ப்பமான எலிகளில் பீட்டா செல்களின் எண்ணிக்கையே தெளிவாகப் பெருகுகிறது. மனிதர்களில் அந்தப் பெருக்கம் அதைவிடக் குறைவு, இருக்கும் செல்கள் அதிகம் உழைக்கின்றன.

இந்த ஈடுகட்டும் திறன் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. குடும்பத்தில் நீரிழிவு, முன்பே இருக்கும் உடல் பருமன், பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி), வயது ஆகிய காரணங்களால் சிலரின் கணையத்துக்கு ஒரு கட்டத்துக்கு மேல் முடிவதில்லை. அங்கேதான் கர்ப்பகால நீரிழிவு தொடங்குகிறது. தெற்காசியப் பெண்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். தமிழ்நாட்டில் டாக்டர் வீ. சேஷய்யா குழுவினர் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்தில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8 சதவீதம், கிராமங்களில் 9.9 சதவீதம் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை இருந்தது. கிராமத்திலேயே பத்தில் ஒருவர். இனிப்பு சாப்பிட்டதால்தான் வந்தது என்று ஒரு பெண்ணின் தலையில் பழியைப் போடுவது நியாயமே இல்லை.

கர்ப்பிணி விரதம் இருக்கலாமா?

பின்பாதியில் வேண்டாம் என்பதே என் கருத்து. நம் உடம்பு ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் நடக்கும் மாற்றங்கள், கர்ப்பிணிக்கு ஓர் இரவு சாப்பிடாமல் இருந்தாலே நடந்துவிடும். சிகாகோவின் நார்பெர்ட் ஃப்ரைங்கல் இதை வேகமான பட்டினி நிலை என்று விவரித்தார். குழந்தை இடைவிடாமல் குளுக்கோஸ் இழுத்துக்கொண்டிருப்பதால் தாயின் சர்க்கரை சீக்கிரம் இறங்கும். நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் கொழுப்பைக் கரைத்து அந்த இடத்தை நிரப்பும், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறும்.

காலையில் எழுந்ததும் தலை சுற்றுவது, கை நடுங்குவது இதனால்தான் பலருக்கு. ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிடும் பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், கொஞ்சம் சுண்டல் போதும். கிருத்திகை, ஏகாதசி விரதங்களைக் குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நோன்பு வைக்க விரும்புகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் அவரைக் கேட்காமல் வைக்கவே கூடாது.

ஐ.ஜி.எஃப்-1, ஐ.ஜி.எஃப்-2 என்பவை என்ன?

இன்சுலினைப் போன்ற அமைப்புள்ள வளர்ச்சிக் காரணிகள். நஞ்சுக்கொடி வளர்ச்சி ஹார்மோன் தாயின் கல்லீரலை உசுப்பி ஐ.ஜி.எஃப்-1-ஐச் சுரக்க வைக்கிறது. கர்ப்பத்தின் பின்பாதியில் அந்த ஹார்மோன் ஏறுவதும் இது ஏறுவதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நடக்கும். இது நஞ்சுக்கொடியின் மேல் வேலை செய்து குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் குழந்தைக்குக் கடந்து போவதைக் கூட்டும்.

ஐ.ஜி.எஃப்-2 குழந்தை பக்கத்தில் அதிகம். இந்த மரபணு இல்லாத எலிக்குட்டிகள் இயல்பான எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தோடுதான் பிறந்தன.

குழந்தையே அம்மாவின் உடலை இயக்குகிறது என்று சொல்கிறார்களே, உண்மையா?

பெரிய அளவில் உண்மை. ஐ.ஜி.எஃப்-2 மரபணுவுக்கு ஒரு விசேஷம் உண்டு. அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டும் வேலை செய்யும், அம்மாவிடமிருந்து வந்தது பூட்டியே இருக்கும். அப்பாவின் மரபணு "இன்னும் கொடு" என்று கேட்கும், அம்மாவின் மரபணு "எனக்கும் அடுத்த பிள்ளைக்கும் மிச்சம் வை" என்று இழுத்துப் பிடிக்கும் என்று பரிணாம ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள். இந்தச் சமநிலை ஒரு பக்கம் சாய்ந்தால் குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாக வளரும் பெக்வித்-வீடமான் குறைபாடோ, மிகச் சின்னதாகத் தங்கிவிடும் சில்வர்-ரஸல் குறைபாடோ வருவதுண்டு.

கேம்பிரிட்ஜில் அமண்டா ஸ்ஃபெருஸி-பெர்ரி குழுவினர் 2023-இல் எலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். நஞ்சுக்கொடியில் ஹார்மோன் சுரக்கும் செல்களில் மட்டும் இந்த மரபணுவை எடுத்துவிட்டார்கள். தாயின் மரபணுக்களைத் தொடவே இல்லை. அப்படியிருந்தும் தாய் எலியின் உடல், குட்டிகளுக்குத் தேவையான அளவு குளுக்கோஸையும் கொழுப்பையும் ரத்தத்தில் விடவில்லை. குட்டிகள் சின்னதாகின. அதாவது, தாயின் சர்க்கரை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் குழந்தையின் மரபணுவுக்கும் கை இருக்கிறது. எலியில் பார்த்தது அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் "நான் என்ன தப்பு செய்தேன்" என்று கேட்கும் பெண்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்லத் தோன்றுகிறது.

டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டில் பாப்-ஏ குறைவு என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

11 முதல் 13 வாரம் 6 நாள் வரை, ஸ்கேனோடு சேர்த்து எடுக்கும் ரத்தப் பரிசோதனை இது. முதலில் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணக்கிடத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பாப்-ஏ-க்கு அதைவிடச் சுவாரசியமான வேலை உண்டு, அது 1999-இல்தான் வெளியே தெரிந்தது. ஐ.ஜி.எஃப்.கள் ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை. பிணைப்புப் புரதங்கள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். பாப்-ஏ ஒரு நொதி. அந்தப் பிணைப்புப் புரதங்களில் நான்காவது வகையை வெட்டி, ஐ.ஜி.எஃப்-ஐ விடுவிக்கும். பாப்-ஏ குறைந்தால் நஞ்சுக்கொடியின் அருகே பயன்படுத்தக்கூடிய ஐ.ஜி.எஃப் குறையும். நஞ்சுக்கொடி மந்தமாக வேரூன்றக்கூடும்.

ரிப்போர்ட்டில் எம்.ஓ.எம். என்ற இடத்தில் 1 என்றால் அந்த வாரத்துக்குரிய நடுமதிப்பு. பொதுவாக 0.4-க்குக் கீழே போனால், குழந்தையின் எடை குறையவும் பின்னால் பிரஷர் ஏறவும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று எடுத்துக்கொண்டு, கடைசி மூன்று மாதங்களில் கூடுதலாக வளர்ச்சி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். பாப்-ஏ குறைவாக இருந்தும் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை நன்றாகவே பிறக்கிறது. ஸ்கேன்களைத் தவறவிடாதீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு இன்சுலின் ஊசி போடச் சொன்னார்கள். அது குழந்தைக்குப் போய்விடாதா?

போகாது. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்துக்குள் கலப்பதில்லை என்றே சொல்லலாம். தாண்டிப் போவது குளுக்கோஸ். பிரச்சினையே அதில்தான் இருக்கிறது.

கோபன்ஹேகனில் யோர்கன் பெடர்சன் 1950-களில் முன்வைத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. தாயின் சர்க்கரை ஏறினால் குழந்தைக்கும் அதிகம் போகும். குழந்தையின் கணையம் மூன்று மாதம் தாண்டும்போதே இன்சுலின் சுரக்கத் தொடங்கியிருக்கும். வரும் சர்க்கரைக்குத் தகுந்தபடி அது அதிகம் சுரக்கும். அந்த இன்சுலின் குழந்தைக்கு வளர்ச்சிக் காரணி ஆயிற்றே. கொழுப்பு கூடும், தோள் அகலமாகும், பிரசவம் கஷ்டமாகும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் அம்மாவிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், ஆனால் குழந்தையின் இன்சுலின் உடனே நிற்காது. அதனால் முதல் சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும். குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பதும், பிறந்த உடனே தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

நீங்கள் போட்டுக்கொள்ளும் ஊசி உங்கள் சர்க்கரையைக் குறைத்து இந்தச் சங்கிலியை முதலிலேயே அறுக்கிறது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டும். அதுவும் கர்ப்பத்தில் பயன்பாட்டில் உள்ள மருந்துதான். யாருக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

நம் ஊர்க் குழந்தைகள் சின்னதாகத்தானே பிறக்கின்றன? பெரிய குழந்தை என்ற கவலை நமக்கு எதற்கு?

எடைத் தராசு மட்டும் பார்த்தால் இப்படித்தான் தோன்றும். புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடை, தசை, வயிற்றுச் சுற்றளவு எல்லாவற்றிலும் நம் குழந்தைகள் பின்தங்கியிருந்தன. முதுகுத் தோலை மடித்து அளந்த கொழுப்பில் மட்டும் அந்த இடைவெளி மிகக் குறைவு. தொப்புள்கொடி ரத்தத்தில் இன்சுலினும் எடைக்குப் பொருந்தாமல் அதிகமாக இருந்தது. ஒல்லியாகத் தெரிந்தும் உள்ளே கொழுப்புள்ள குழந்தை. பின்னாளில் சர்க்கரை நோய்க்கான அடித்தளம் இப்படிக் கருப்பையிலேயே போடப்படுகிறது என்பது அவர்களின் வாதம். அதனால் "குழந்தை மூணு கிலோதான், பரவாயில்லை" என்று சொல்லிச் சர்க்கரையைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது.

பி.எல்.ஜி.எஃப். என்ற பரிசோதனை எதற்கு?

நஞ்சுக்கொடியில் ரத்தக் குழாய்கள் கிளைவிட உதவும் வளர்ச்சிக் காரணி அது. முன்சூல்வலிப்பு எனப்படும் கர்ப்பகால ரத்த அழுத்த நோயில், நஞ்சுக்கொடி எஸ்.எஃப்.எல்.டி-1 என்ற இன்னொரு புரதத்தை அதிகம் விடும். அது பி.எல்.ஜி.எஃப்-ஐப் பிடித்து முடக்கும். பிரஷர் ஏறும், சிறுநீரில் புரதம் போகும். இரண்டின் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் இந்த நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2016-இல் வந்த ஆய்வு காட்டியது. எல்லா ஊர்களிலும் கிடைக்கும் பரிசோதனை இல்லை. கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு செக்கப்பிலும் பிரஷர் பார்ப்பதும் சிறுநீர் பார்ப்பதும் போதிய காவல். தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் வலி, முகம் வீங்குதல் என்று எது வந்தாலும் அன்றைக்கே போங்கள்.

குளுக்கோஸ் தண்ணீர் குடித்து எடுக்கும் டெஸ்ட் எப்போது, எப்படி?

இந்திய அரசின் வழிகாட்டுதல்படி முதல் செக்கப்பில் ஒரு முறை, பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு முறை. இரண்டாவது முறை ஏன் அந்த வாரங்களில் என்பது இப்போது புரிந்திருக்கும். நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் ஏறி, இன்சுலின் எதிர்ப்பு தலைதூக்கும் நேரம் அது. முதல் டெஸ்ட் நார்மல் என்பதற்காக இரண்டாவதை விட்டுவிட்டால், பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமலே போய்விடும்.

75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கலந்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய நிம்மதி. இரண்டு பஸ் மாறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணைப் பட்டினியாக வரச் சொன்னால் பாதிப் பேர் வர மாட்டார்கள். சேஷய்யா இந்த முறைக்காகப் பாடுபட்டதும் அதை மனதில் வைத்துத்தான். 2007-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. அவர் பிறந்த மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் வேறொரு நாள் திரும்ப எடுக்க வேண்டும். சொல்லாமல் மறைக்காதீர்கள். எலுமிச்சை பிழிந்துகொள்ளலாமா என்று அங்குள்ள நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் அனுமதிப்பார்கள்.

"ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்கிறார் மாமியார். எவ்வளவு சாப்பிட வேண்டும்?

அன்பில் சொல்வதுதான், ஆனால் இரண்டு மடங்கு தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு நாளைக்குக் கூடுதலாக 350 கலோரி போதும். அது ஏறக்குறைய ஒரு சின்ன வேளைச் சாப்பாடு. புரதம்தான் முக்கியமாகக் கூட வேண்டும்: நடு மூன்று மாதங்களில் 9.5 கிராம், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம் கூடுதலாக. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் முட்டை, மீன், பயறு, தயிர் வையுங்கள். அப்புறம், சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடங்கள். தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸ் வாசல்கள் திறக்கும். நஞ்சுக்கொடி ஹார்மோன் அடைத்து வைத்த வழிக்கு இது ஒரு மாற்றுவழி. படுக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியிருந்தால் மட்டும் இது பொருந்தாது.

வளர்ச்சிக் காரணி கலந்த பவுடர், மாத்திரை சாப்பிட்டால் குழந்தை நன்றாக வளருமா?

வேண்டாம். இவை புரதங்கள். வாய்வழியே போனால் சாப்பாட்டில் உள்ள மற்றப் புரதங்களைப் போலவே செரித்துப்போகும். குழந்தையின் எடை குறைவு என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஸ்கேனும் மருத்துவரும்தான் வழி.

பிரசவம் ஆனதும் எல்லாம் சரியாகிவிடுமா?

நஞ்சு விழுந்ததும் அந்த ஹார்மோன்கள் மிக வேகமாக ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். பிரசவ அறையில் இன்சுலின் டிரிப் ஓடிக்கொண்டிருந்தால், நஞ்சு வெளியே வந்ததும் நர்ஸ் முதல் வேலையாக அதன் வேகத்தைக் குறைப்பதை அல்லது நிறுத்துவதைப் பார்க்கலாம். சற்றுமுன் வரை தேவைப்பட்ட அளவு இனித் தேவையில்லை. அதே அளவு தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். கர்ப்பகாலத்தில் மட்டும் சர்க்கரை வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஊசி, மாத்திரை எல்லாம் அன்றைக்கே நின்றுபோகும்.

ஆனால் ஒன்று மிச்சமிருக்கிறது. ஈடுகட்டத் திணறிய கணையம் அதே கணையம்தான். கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பின்னாளில் டைப்-2 நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட 7 முதல் 10 மடங்கு வரை அதிகம் என்று பெரிய தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. பிரசவமாகி 6 வாரம் கழித்து மறுபடியும் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்க வேண்டும். இந்தப் பரிசோதனையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். குழந்தைக்குத் தூக்கம் இல்லை, அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை, அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்கு எப்போது போவது என்ற பேச்சு வேறு. ஆனால் அதே 6 வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவீர்கள். அன்றைக்கே உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அதில் நார்மல் என்று வந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை சர்க்கரை பாருங்கள். அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறீர்கள் என்றால், கர்ப்பம் தரிக்கும் முன்பே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.